ஐகோர்ட் சொன்னது

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான் ஒன்று. என் வீட்டுக்காரி சின்னமணி இரண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் துரை மூன்று. அவர் மனைவி செல்லக்கனி நான்கு. அவர்களுடைய சம்பந்தியம்மா ராஜகனி ஐந்து, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஆதிலிங்கம் ஆறு. மோட்டார் மாட்ட வந்த பிச்சைக்கண்ணு ஏழு. தொட்டிலில் கிடந்த பேத்தி எட்டு. அது பிறந்து இரண்டு மாதம்தான், ஆனாலும் காது கேட்கும் என்பதால் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. துரையையும் ராஜகனியையும் வைத்துக்கொண்டால் போதும்.

போனைப் பழுது பார்க்கக் கொடுத்ததும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. போன் அணைந்து அணைந்து எரிகிறது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும், அழிக்கலாமா என்று கேட்டீர்கள். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் அதிகம் பேசுகிறவனும் இல்லை. ஆனால் இதில் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிற இடத்தில் ஒரு வார்த்தையில் சொன்னால் பிறகு வில்லங்கம் வரும். அதனால் அந்தத் திருகாணியை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள். இப்போது மணி மூன்று. மூன்றே முக்காலுக்குள் எனக்கு இந்தப் போன் கையில் வேண்டும்.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணினவன். எட்டாவது வரை படிப்பு. கப்பலில் ஏறுகிற உப்பு மூட்டை, இறங்குகிற பருப்பு மூட்டை, எல்லாம் என் வாயால் எண்ணப்பட்டுத்தான் போகும். எண்ணிக்கையில் நான் விட்டுக்கொடுக்கிறது கிடையாது. எழுத்தில் எனக்கு ள, ழ தகராறு உண்டு. அதை நானே ஒத்துக்கொள்வேன்.

இந்தப் போன் என் மகன் வாங்கிக் கொடுத்தது. எனக்கு இடது காது மந்தம். பேசும்போது பாதி விட்டுப்போகும். அதனால் வருகிற அழைப்பு, போகிற அழைப்பு எல்லாம் தானாகவே பதிவாகிற மாதிரி செய்து கொடுத்தான். பேசி முடித்த பிறகு வலது காதில் வைத்து இன்னொரு தடவை நிதானமாகக் கேட்பேன். அவ்வளவுதான் அதில் நோக்கம்.

துரை என் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர். தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு எனக்குப் போன் செய்வார். ஒரு சுவருக்கு என்னத்துக்குப் போன் என்று நீங்கள் கேட்பீர்கள், சின்னமணியும் கேட்பாள். நேரில் உட்கார்ந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவர் என் வாசலைப் பார்ப்பார், நான் அவர் செருப்பைப் பார்ப்பேன். போனில் என்றால் அருவி மாதிரி கொட்டும்.

சரி, அந்த எட்டுப் பேர் இருந்த நாளுக்கு வருகிறேன். துரை வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். துரை ஆதிலிங்கத்திடம், "எரநூத்தி நாப்பது அடி" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கை தப்பு.

"எரநூத்திப் பத்து" என்றேன்.

"எரநூத்தி நாப்பது வே."

"வியாழக்கிழமை ஆறு பத்துக்கு நீரேதான் எரநூத்திப் பத்துன்னு சொன்னீரு."

"நான் எப்ப சொன்னேன்?"

கேட்டால் காட்ட வேண்டியதுதானே. போனை எடுத்து வியாழக்கிழமைப் பேச்சைப் போட்டேன். இருநூற்றுப் பத்து என்று துரையின் குரல் தெளிவாகச் சொன்னது. நான் சொன்னது சரியாக இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், நான் சொன்னது சரி. அதற்கு முன்னால் ஒரு பதினாறு விநாடி வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. அந்தப் பதினாறு விநாடியில் துரை, "சம்பந்தியம்மா ஒரு தம்ளர் காபி குடுப்பா. அதக் குடிச்சு முடிக்கதுக்குள்ள அவ பெருமைய ரெண்டு தம்ளர் குடிக்கணும் வே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன். அதுவும் பதிவில் இருந்தது.

ராஜகனி கையில் அப்போது காபித் தம்ளர்.

பிச்சைக்கண்ணு மட்டும், "எரநூத்திப் பத்துதான் அண்ணாச்சி" என்றான்.

துரை என்னைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார். "என் பேச்ச எவன்ட்டக் கேட்டுப் புடிச்சு வச்சீரு?" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஆறு பத்துக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

முதல் வாரம் ஆறு பத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் கெட்டுவிட்டதோ என்று சின்னமணியைச் சமையலறையிலிருந்து கூப்பிடச் சொன்னேன். அவள் கூப்பிட்டாள். அடித்தது. "போன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கெட்டுப் போய்க் கெடக்கீங்க. சுவரத் தாண்டிப் போய் 'தப்புதான் துரை'ன்னு சொன்னா கிரீடம் எறங்கிருமா?" என்றாள்.

நான் தப்பு செய்யவில்லையே அம்மா. இருநூற்றுப் பத்து சரியான எண்.

முப்பத்தாறாம் நாள் செல்லக்கனி வந்தார். துரை சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, ஒருவர் பேச்சை அவர் அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது. இரண்டு, செய்த பதிவை எல்லாம் அழிக்க வேண்டும். மூன்று, அதை உரியவர் முன்னிலையில் செய்ய வேண்டும். சொல்லிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே, ஒப்பிச்சிட்டேன், வாரேன்" என்று போய்விட்டார்.

நேரில் போய்ச் சரி என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் ஒத்துக்கொண்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அறுபத்து நான்கு பேர். துரையும் அதில் இருக்கிறார், ஆனால் பண்டிகை வாழ்த்து மட்டும்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. அதில் எழுதினேன்.

"ஐகோர்ட் சொன்னது. ஒன்று, ஒருவர் பேச்சை அவர் அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது. இரண்டு, செய்த பதிவை எல்லாம் அளிக்க வேண்டும். மூன்று, அதை உரியவர் முன்னிலையில் செய்ய வேண்டும்."

ஐகோர்ட் என்று ஏன் எழுதினேன் என்றால், அதுதான் அவர் பெயர். முழுப்பெயர் ஐகோர்ட் துரை. நீங்கள் வெளியூர் என்று பேச்சிலேயே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஐகோர்ட் மகாராஜா என்று சாமி உண்டு. குலசாமி பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று ஐகோர்ட் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஐகோர்ட் என்றால் துரைதான். எல்லோருக்கும் தெரிந்த பெயரை நீட்டி முழக்குவானேன் என்று சுருக்கமாக எழுதினேன்.

இப்போதுதான் அதிசயம். நான் எழுதி ஒன்பது நாள் கழித்து, நிஜ ஐகோர்ட்டும் அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

சிரிக்காதீர்கள் அம்மா, உண்மை. மதுரையிலிருந்து என் மச்சினன் அனுப்பினான். மேலே தராசுப் படம், கீழே "அதிரடி உத்தரவு, அனைவருக்கும் பகிரவும்." நடுவில் மூன்று கட்டளைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண் போட்ட மாதிரியே எண் போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்முடைய தெருவில் துரைக்குத் தோன்றிய நியாயம் அவ்வளவு பெரிய நீதிபதிக்கும் தோன்றியிருக்கிறது.

அதன் பிறகு ஊரில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முக்குக்கடைக்காரர், "இங்கு பேசுவது பதிவு செய்யப்படாது" என்று எழுதித் தொங்கவிட்டார். அதற்கு முன்பும் அங்கே யாரும் எதையும் பதிவு செய்ததில்லை. கல்யாணத் தரகர் ஒருவர் தான் சொன்ன பொய்களை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பெண் வீட்டில் போய் நின்றாராம். நானே ஒரு நாள் காஸ் பதிவு செய்யக் கூப்பிட்டேன். "இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்று ஒரு குரல் சொன்னது. என் அனுமதி இல்லை என்றேன். அது தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. தமிழில்தான் சொல்கிறேன், அனுமதி இல்லை, அங்கே யார் யார் இருக்கிறீர்கள் என்றேன். கடைசியில் ஒரு பெண் வந்து, "சார், உங்களுக்கு சிலிண்டர் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டது. வேண்டும் என்றேன். "அப்ப பேசுங்க சார்" என்றது. சட்டம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஆனால் நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். மறுநாள் நோட்டரி வக்கீலம்மாவிடம் போனேன். போனைக் காட்டினேன். படித்துவிட்டு, "இது எந்தக் கேஸ்ல குடுத்த தீர்ப்பு? நம்பர் ஒண்ணும் இல்லியே" என்றார்.

"ஐகோர்ட் சொன்னதும்மா."

"இதுல 'அளிக்க'ன்னு இருக்கு. 'அழிக்க'ன்னு இருக்கணும். அளிக்கன்னா குடுக்குறது."

"நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். படிச்சவங்களுக்கே அந்தத் தகராறு இருக்குன்னு இப்பத்தான் எனக்கு ஒரு நிம்மதி."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எதுல எழுதினீங்க? எப்ப?"

இது வருவதற்கு ஒன்பது நாள் முன்னால், தெருக் குழுவில் என்றேன். யார் சொல்லி எழுதினீர்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். அவர் பெயர் என்ன என்றார். சொன்னேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் சிரித்தார். படித்தவர்களுக்குச் சில நேரம் காரணமில்லாமல் அப்படி வரும். பிறகு சொன்னார், "பெரியவரே, இதைத் தீர்ப்புன்னும் என்னால சொல்ல முடியாது, ஐகோர்ட் சொல்லலைன்னும் சொல்ல முடியாது."

சட்டம் எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்.

பிறகு விளக்கினார். இரண்டு பேர் பேசுவதை மூன்றாவது ஆள் கம்பியில் ஒட்டுக் கேட்பது ஒரு வகை. பேசுகிற இரண்டு பேரில் ஒருவரே பதிவு செய்வது இன்னொரு வகை. இரண்டாவதில் வழக்கு எப்படிப் போகும் என்பது, அந்தப் பதிவை வைத்து என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. "நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார். கிணற்றின் ஆழத்தை நிரூபித்தேன் என்றேன். "அது எந்தப் பிரிவுலயும் வராது. நீங்க வீட்டுக்குப் போய் ஐகோர்ட் சொன்ன மாதிரியே செஞ்சிருங்க. அவர் முன்னாலயே" என்று எழுந்து கும்பிட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் துரையே வந்தார். தராசுப் படம் போட்ட அந்தச் செய்தியை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, கையில் பிடித்திருந்தார். "பாத்தீரா வே" என்றார். நாற்பத்தெட்டு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "பாத்தீரா வே, நான் சொன்னதையே ஐகோர்ட்டும் சொல்லிட்டு. எழுத்துக்கு எழுத்து."

"பாத்தேன்" என்றேன்.

"என் பேச்சு மொத்தம் எத்தன வச்சிருக்கீரு?"

"அறுநூத்திப் பதினொண்ணு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அறுநூத்திப் பதினொண்ணா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

போனில் இருந்தது மொத்தம் ஆயிரத்து நானூற்று இரண்டு. மற்றவர்களுடைய எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்றை நான் முதல் நாளே அழித்திருந்தேன். எதையும் போட்டுக் கேட்கவில்லை, ஒரே அழுத்து, போய்விட்டது. சின்னமணியிடம் மட்டும், அவள் பேச்சை வைத்துக்கொள்ளலாமா என்று முறைப்படி அனுமதி கேட்டேன். "நாப்பத்திமூணு வருசமா நேர்ல சொன்னதையே கேக்கல, இனி பதிவு போட்டுத்தான் கேக்கப் போறீங்களாக்கும்" என்றாள். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அழித்தேன்.

துரையுடையதை அப்படி ஒரே அழுத்தில் செய்ய முடியாது. ஏன் என்றால் உத்தரவில் "உரியவர் முன்னிலையில்" என்று இருக்கிறது. எது அவருடைய பேச்சு என்று அவர் காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பாதி கேட்டால் பாதிதான் உறுதி. அதனால் ஒவ்வொன்றையும் முழுக்கப் போட்டு, கேட்டு, பிறகு அழிப்பது என்று முடிவு செய்தோம். தினமும் நான்கு மணிக்கு.

முதலில் அழிந்தது அந்தப் பதினாறு விநாடிப் பேச்சு. அழிக்கும் முன் ராஜகனி வந்துவிட்டார். அவரும் உத்தரவைப் படித்திருந்தார். "அளிக்கணும்னுதான போட்டிருக்கு? அது என்னப் பத்தின பேச்சு, உரியவ நான். எனக்கு அளிங்க" என்று நின்றார். சட்டப்படி மறுக்க முடியவில்லை, அவர் போனுக்கு அனுப்பினேன். அதை அவர் மணியோசையாக வைத்துக்கொண்டார். இப்போது துரை எப்போது சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தாலும் அங்கே துரையின் குரலே, "அவ பெருமைய ரெண்டு தம்ளர் குடிக்கணும் வே" என்று கத்துகிறதாம். எடுத்ததும் ராஜகனி, "மூணாவது தம்ளர் போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்கிறாராம். துரை அதைச் சொல்லிவிட்டு, "மானம் போச்சு வே" என்றார். ஆனால் தேவையில்லாமலும் அங்கே போன் செய்கிறார், நான் கவனித்திருக்கிறேன்.

வேலை ஒழுங்காக நடந்தது. நோட்டில் குறித்திருக்கிறேன். முதல் வாரம் தினம் முப்பது வீதம் இருநூற்றுப் பத்து. இரண்டாவது வாரம் தினம் இருபது, நூற்று நாற்பது. மூன்றாவது வாரம் பதினைந்து. நான்காவது வாரம் பத்து. ஐந்தாவது வாரம் ஏழு. ஏன் குறைந்தது என்றால், துரைக்குச் சந்தேகம் அதிகம். "இது என் குரல்தானா? இன்னொருக்கா போடும்" என்பார். போடுவேன். "என்ன வே, சாப்ட்டாச்சா?" என்று போன் கேட்கும். "ஆச்சு, நீரு?" என்று போனில் நான் சொல்வேன். "இன்னைக்கும் சுண்டக்கா வத்தல்தான்" என்று போன் சொல்லும். நாற்காலியில் இருக்கிற துரை, "அன்னைக்கி சுண்டக்கா இல்ல வே, மணத்தக்காளி" என்று போனில் இருக்கிற துரையோடு சண்டை போடுவார். எங்களுக்கு நேரில் பேச்சு வராது என்றேன் அல்லவா, வரவேண்டிய அவசியமும் இல்லை. அதுதான் பேசுகிறதே. நாங்கள் காபி குடிப்போம். முடிந்ததும், "சரி, அழியும்" என்பார். அழிப்பேன்.

ஆறாவது வாரத்திலிருந்து நாளுக்கு ஒன்று. அதற்கும் காரணம் இருக்கிறது. அவருக்குக் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தது. காதால் கேட்கிற வேலைக்குக் கண் மருந்து என்ன தடை என்று சின்னமணி கேட்டாள். வைத்தியத்தில் நாம் தலையிடக் கூடாது.

அந்த வாரத்திலிருந்து அவர் புதிதாக ஒரு பழக்கம் ஆரம்பித்தார். வருவதற்கு முன்னால் மூன்றே முக்காலுக்குப் போன் செய்து, "அழிக்க வரட்டுமா வே?" என்று கேட்கிறார். வாரும் என்பேன். அதோடு விடுவதில்லை, ஐந்து பத்து நிமிடம் வேறு எதையாவது சொல்லிவிட்டுத்தான் வருவார். போன் அதையும் பதிவு செய்துவிடுகிறது. நான்கு மணிக்கு ஒன்றை அழிக்கிறோம், மூன்றே முக்காலுக்கு ஒன்று கூடுகிறது. இருபத்து மூன்று நாளாக எண்ணிக்கை ஓர் இடத்திலேயே நிற்கிறது. மூட்டை எண்ணிய காலத்தில் இப்படி நின்றிருந்தால் என்னை வேலையை விட்டு எடுத்திருப்பார்கள்.

நீங்கள் இப்போது சொல்கிறீர்களே, தானாகப் பதிவாகிறதை ஒரு பொத்தானில் நிறுத்திவிடலாம் என்று, அதையும் நான் யோசிக்காமல் இல்லை. துரையிடம் முறைப்படி கேட்டேன். அவர் உறை போட்ட உத்தரவை எடுத்துத் திரும்பப் படித்தார். "அனுமதி இல்லாமப் பதிவு பண்ணத்தான் கூடாது. நான் அனுமதி குடுக்கேன். நீரு பதிவு பண்ணும். நான் மறுநாள் வந்து அழிக்கேன். ஐகோர்ட்ட மீறக் கூடாது வே" என்றார். சட்டப்படி அதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். படம் இருந்தால் அழியுங்கள். என் மகன் அனுப்பிய வாழ்த்து, அந்தத் தராசு, எது வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் பதிவுகளை நீங்கள் மொத்தமாக அழித்தால் அது உரியவர் முன்னிலையில் இல்லை. அவர் நான்கு மணிக்கு வந்தால் அழிக்க ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத வீட்டுக்கு மறுநாள் என்ன சொல்லி வருவார்?

வேறு வழி உண்டு என்கிறீர்களா? இன்னொரு அட்டையில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு திரும்ப ஏற்றலாமா? அப்படியே செய்யுங்கள். அதற்கு என் அனுமதி உண்டு, துரைக்காகவும் நானே சொல்கிறேன். காதில் வைத்துக் கேட்க வேண்டாம், கூச்சமாக இருக்கும். இறங்கியதும் எண்ண மட்டும் எண்ணுங்கள். நான் உங்களோடு சேர்ந்து எண்ணுகிறேன்.

முப்பத்தேழு இருக்க வேண்டும்.

முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. இதோ, முப்பத்தேழு.